பழுப்பு ஏறாத ஸ்லைடு

போன வாரம் நம் பரிசோதனைக் கூடத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அக்கா, ஒவ்வொரு தடவையும் கண்ட்ரோல் ஸ்லைடை எடுத்துப் பாக்கணுமா? எப்பவும் சரியாத்தான இருக்கு?" கேட்டதில் தப்பில்லை. இருபத்தாறு வருஷம் திசுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தபிறகு நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று டீ ஆறுகிறது என்று ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அவளுக்கான பதிலை இப்போது எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையை ஒட்டி, வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடம். பெயர் வேண்டாம். ஆபரேஷனில் எடுத்த கட்டிகள் அங்கே வரும். மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றுவது என் வேலை. மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிவு சொல்வது டாக்டர் வேலை. அப்போதிருந்த டாக்டர் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. என் மூத்த மகள் வயது. என்னை 'காந்திமதி அக்கா' என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு நான் எல்லாம் தெரிந்தவள். அந்த நினைப்பை நானும் கலைக்கவில்லை. அது பிடித்தும் இருந்தது.

ஹெர்-2 பற்றி உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். நம் எல்லோருடைய உயிரணுக்களின் மேலும் கொஞ்சம்போல இருக்கிற ஒரு புரதம். 'வளரு' என்று வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கி உள்ளே அனுப்பும் வாசல் மாதிரி. சில பெண்களின் மார்பகப் புற்றில் இந்த வாசல்கள் கணக்கில்லாமல் பெருகிவிடும். அப்படிப் பெருகியவர்களுக்கென்றே ஒரு மருந்து உண்டு. அது அந்தப் புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். புரதம் பெருகாதவர்களுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. இதயத்தை வேறு சோர்வடையச் செய்யும். ஆகவே யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கூடாது என்பதை நம் கண்ணாடித் துண்டுதான் சொல்ல வேண்டும். உயிரணுவைச் சுற்றி அழுத்தமான பழுப்பு வளையம் தெரிந்தால் உண்டு. தெரியாவிட்டால் இல்லை.

ஆனால் பழுப்பு தெரியாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். புரதம் பெருகவில்லை என்பது ஒன்று. நம் சாயமே ஏறவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால்தான் நிச்சயமாகப் புரதம் பெருகியிருப்பது தெரிந்த பழைய திசு ஒன்றையும் கூடவே போடுகிறோம். அதுதான் கண்ட்ரோல்.

அது ஐப்பசி முடிகிற சமயம். மேற்கே மலையில் நான்கு நாளாக விடாத மழை. ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. மத்தியானம் வாசலில் நின்ற ஆட்டோக்காரர் சொன்னார்: "பாலத்தை அடைக்கப் போறாங்களாம். அங்கிட்டுப் போறவுக இப்பமே போயிருங்க." என் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், மீனாட்சிபுரத்தில், கீழ்த்தளம். வீட்டுக்காரர் காலில் மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்தார்.

அன்று ஐந்து பேருடைய ஸ்லைடுகள். சாயம் போடும் முன் அவற்றைப் பிரஷர் குக்கரில் வேகவைக்க வேண்டும். அந்தச் சூடு சரியாக ஏறினால்தான் புரதம் சாயத்தைப் பிடிக்கும். அன்று குக்கரின் பக்கவாட்டில் 'புஸ்ஸ்' என்று ஆவி போய்க்கொண்டிருந்தது. ரப்பர் வளையம் தளர்ந்திருந்தது. எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் கூட வைத்தால் சரியாகிவிடும் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

சாயம் முடிந்ததும் ஐந்து ஸ்லைடையும் டாக்டர் மேஜையில் வைத்தேன். கண்ட்ரோல் ஸ்லைடைத் தட்டில் போட்டுவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"கண்ட்ரோல் எப்படி இருக்குக்கா?" என்று மைக்ராஸ்கோப்பிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்.

"நல்லா ஏறியிருக்கு டாக்டர்" என்றேன்.

நான் அதைப் பார்க்கவே இல்லை.

ஐந்து பேருக்கும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் கடைசிப் பஸ்களில் ஒன்றைப் பிடித்து ஆற்றைக் கடந்தேன். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. இரண்டு தெரு தள்ளியே நின்றுவிட்டது.

பதினோரு நாள் கழித்து, பழைய ஸ்லைடுகளைப் பெட்டிகளில் அடுக்கும்போது அந்தத் தேதியிட்ட கண்ட்ரோல் கையில் வந்தது. வெள்ளைத் தாளின் மேல் வைத்தேன். நல்ல பழுப்பு என்றால் வெறும் கண்ணுக்கே துருப்போலத் தெரியும். இதில் பின்னணிக்குப் போடும் சாயத்தின் வெளிர்நீலம் மட்டும்தான் இருந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஒரு வளையம்கூட இல்லை.

யாரும் பார்க்கவில்லை. அந்தக் கண்ணாடி என் நடுவிரல் நீளம்தான். குப்பைக் கூடையில் போட்டால் மற்ற உடைசல்களோடு போய்விடும். போடவில்லை. எடுத்துக் கொடுக்கவும் இல்லை. வெள்ளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அது என்னிடமே இருந்தது. டாக்டர் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் பைக்குள் கைவிட்டு அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். வேலை போய்விடும் என்ற பயம் மட்டும் என்று நினைக்காதீர்கள். 'காந்திமதி அக்கா சொன்னால் சரியாக இருக்கும்' என்று எல்லோரும் சொல்வார்களே, அந்தப் பேச்சு போய்விடுமே என்ற பயம். ஐந்து பெண்கள் எங்கோ இருக்கிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இந்த வரிசையில்தான் வந்தது.

இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஒரு அம்மா ரிப்போர்ட் நகல் வாங்க வந்தார். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். பெயரைப் படித்ததும் தெரிந்துவிட்டது. அந்த ஐவரில் ஒருவர்.

"இந்தப் புரோட்டீன் எனக்கு இல்லைன்னு போட்டிருக்கே. இல்லாம இருக்கது நல்லதா, கெட்டதா?" என்று என்னிடம் கேட்டார். "டாக்டர்ட்ட கேக்கணும்னு நெனச்சேன். அங்க பெரிய வரிசை. நீங்க இதுலயே இருக்கவங்க, ஒங்களுக்குத் தெரியும்லா?"

"இருங்க, வாறேன்" என்று உள்ளே போனேன். போனவள் நேராக டாக்டர் அறைக்குப் போய், பைக்குள்ளிருந்த கண்ணாடியை அவர் முன்னால் வைத்தேன்.

"இது அன்னைக்கு உள்ள கண்ட்ரோல். ஏறலை. நான் பாக்காம பாத்தேன்னு சொல்லிட்டேன்."

டாக்டர் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் ஐந்து ரிப்போர்ட் நகல்களையும் எடுத்து முன்னால் விரித்தார். கையெழுத்து அவருடையது அல்லவா? பிறகு, "அஞ்சு பேரோட மெழுகுக் கட்டியும் இருக்காக்கா?" என்றார்.

"இருக்கு டாக்டர்."

"எல்லாத்தையும் இன்னைக்கே திரும்பப் போடுவோம். மொதல்ல குக்கருக்குப் புது ரப்பர் வாங்குங்க."

முதலாளி அண்ணாச்சி வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவரும் பயந்துபோனார். "டாக்டர், மொதல்ல முடிவு வரட்டும். அஞ்சும் மறுபடி இல்லைன்னு வந்தா யாருக்கும் ஒண்ணும் தெரியவேண்டாம்லா? எதுக்கு இப்பவே சொல்லி ஊரைக் கலக்கணும்?"

"இப்ப அவங்க கையில இருக்கது செல்லாத ரிப்போர்ட் அண்ணாச்சி. அது செல்லாதுன்னு தெரிஞ்சப்புறம் ஒரு மணி நேரம்கூட நாம சும்மா இருக்கக் கூடாது" என்றார் டாக்டர். சேர்ந்து மூன்று மாதமே ஆன பெண். ஆனாலும் சொல்லிவிட்டார். வெளியே காத்திருந்த டீச்சரிடம் அவரே போய்ப் பேசினார். மற்ற நால்வருக்கும் சிகிச்சை பார்க்கும் சர்ஜன்களை வரிசையாகப் போனில் கூப்பிட்டார். ஒருவர் மட்டும் ஆபரேஷன் தியேட்டரில் இருந்ததால் நர்ஸிடம் சேதி சொல்லிவைத்தார்.

மறுநாள் மதியம் ஸ்லைடுகள் தயாராயின. இந்தத் தடவை கண்ட்ரோலை முதலில் வைத்தோம். அழுத்தமான பழுப்பு. பிறகு டீச்சருடையது. வளையம் இல்லை. உண்மையிலேயே இல்லை. எனக்குக் கண் கலங்கியது. தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தேன். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எல்லாம் இல்லை. ஐந்தாவதை வைத்ததும் டாக்டர் எழுந்து எனக்கு இடம்விட்டார்.

ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றிக் கோடு கிழித்ததுபோலப் பழுப்பு வளையம். செல்லக்கனி, வயது நாற்பத்தேழு, உடன்குடி. அதுவரை நான் அந்தப் பெயரைச் சரியாகப் படித்ததுகூட இல்லை.

படிவத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்றது. அவளுக்கு ஆபரேஷன் செய்தவர்தான் முந்தின நாள் பேசக் கிடைக்காத சர்ஜன். அவரைக் கூப்பிட்டோம். "அந்தம்மா கீமோவுக்கே வரலையே. போன திங்களும் இந்தத் திங்களும் வரச் சொல்லியிருந்தோம். ரெண்டு தடவையும் ஆள் வரலை" என்றார்.

ஒரு மருந்து விட்டுப்போயிருக்கும் என்றுதான் அதுவரை பயந்துகொண்டிருந்தோம். இப்போது மருந்தே இல்லாமல் ஒருத்தி இருக்கிறாள்.

அண்ணாச்சி தபாலில் அனுப்பலாம் என்றார். டாக்டர் திருத்திய ரிப்போர்ட்டை எழுதினார். 'கூடுதல் பரிசோதனையில் தெரியவந்தது' என்று போடலாமே என்று அண்ணாச்சி கேட்டதற்கு, 'முந்தைய அறிக்கை தவறானது' என்றே எழுதிக் கையெழுத்திட்டு, உறையில் போட்டுக்கொண்டு, "வாங்கக்கா" என்றார். மறுநாள் காலை திருச்செந்தூர் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். திருவைகுண்டம் தாண்டியதும் டாக்டர் கேட்டார்:

"அக்கா, ஒங்களுக்கு எதை நெனச்சுப் பயமா இருக்கு?"

"அவங்க மொகத்தை எப்படிப் பாக்கதுன்னுதான் டாக்டர்."

"எனக்கு, வீட்ல இல்லாம போயிட்டா என்ன செய்யதுன்னு" என்றார்.

உடன்குடியில் விசாரித்துப் போனோம். செல்லக்கனியின் கணவர், கருப்பட்டி வியாபாரம் செய்யும் சுயம்பு அண்ணாச்சி வீடு என்றால் எல்லோருக்கும் தெரிந்தது. வாசலில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் எங்களைக் கண்டதும் ஓடிவந்து, "வாங்க, வாங்க! மாப்பிள்ளை வீட்லேருந்துதான வாறீங்க? நாளைக்குன்னுல்லா சொன்னாக!" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். பாய் விரித்தாள். பிறகுதான் தெரிந்தது, அவள்தான் செல்லக்கனி. இடது கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தாள். சுயம்பு அண்ணாச்சியும் வந்து எதிரே உட்கார்ந்தார்.

டாக்டர் தான் யார் என்று சொன்னார். செல்லக்கனி முகம் மாறியது. "ஏன், இன்னும் என்ன இருக்கு? அதான் சொல்லிட்டாங்கள்லா?"

"என்ன சொன்னாங்க?"

"எனக்கு மருந்து கெடையாதுன்னு."

டாக்டர் என்னைப் பார்த்தார். செல்லக்கனியே தொடர்ந்தாள். "ரிப்போர்ட்டை ஆஸ்பத்திரியில காட்டினோம். அங்கன ஒரு பிள்ளை பாத்துட்டு, 'ஒங்களுக்கு அந்த மருந்து கெடையாதும்மா'ன்னுச்சி. வெளிய வந்து இவுகட்ட கேட்டேன். இவுக ஒண்ணும் பேசலை. சரி, மருந்தே இல்லைன்னா அங்க போயி என்ன செய்ய? அதுக்குள்ள பிள்ளையை ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துருவோம்னு... காலேஜ் ரெண்டாவது வருஷம். தையில முகூர்த்தம்."

கதவுக்குப் பின்னால் மகள் நின்று அழுவது கேட்டது.

நாங்கள் எழுதியது ஒரு வரி. அந்த வரி ஒருவர் வாயில் விழுந்து, இன்னொருவர் காதில் ஏறி, இந்த வீட்டுக்கு வந்தபோது என்னவாக ஆகியிருந்தது என்று பாருங்கள்.

"மருந்து இருக்கும்மா. அன்னைக்கும் இருந்தது. கீமோ எப்படியும் உண்டு. அதுக்கு மேல இன்னொரு மருந்து, ஒரு புரோட்டீன் இருக்கவங்களுக்கு மட்டும் குடுக்கது. அது ஒங்களுக்கு இல்லைன்னு நாங்க தப்பா எழுதிட்டோம். உங்களுக்கு அதுவும் உண்டு" என்றார் டாக்டர்.

சுயம்பு அண்ணாச்சி எழுந்துவிட்டார். "தப்பா எழுதிட்டோம்னு சும்மா சொல்லுதீங்க? எவன் எழுதினான்? ஒங்களைச் சும்மா விடுவேன்னு நெனைக்கீங்களா?"

"டாக்டர் மேல தப்பில்லை அண்ணாச்சி. நான்தான்" என்றேன். அவர் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி சொன்னேன். "நான்தான் பாக்காம சரின்னு சொன்னேன்."

செல்லக்கனி கணவரைக் கையமர்த்தினாள். என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். "எதுக்குச் சொன்னீங்க?"

"அன்னைக்கு ஆத்துல வெள்ளம். வீட்ல அவுகளுக்குக் கால் ஒடிஞ்சு..." பாதியில் நிறுத்தினேன். அந்த வீட்டில், அவள் முன்னால், அது காரணமாக நிற்கவில்லை. "காரணம் ஒண்ணுமில்லை. பாத்திருந்தா ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷம்" என்று திருப்பிச் சொன்னாள். "நான் பத்து நாளா காலையில எந்திரிச்சி, இன்னைக்கு எதை யாருக்குக் குடுக்கணும்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன். சேலையெல்லாம் பிரிச்சி வச்சாச்சி."

அன்றே அவர்களோடு கிளம்பினோம். சாயங்காலத்துக்குள் சர்ஜனைப் பார்த்தாயிற்று. தாமதம் சமாளிக்கக் கூடியதுதான் என்று அவர் சொன்னார். 'சமாளிக்கக் கூடியது' என்றாரே தவிர, ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது. செல்லக்கனிக்கும் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

கல்யாணம் நின்றுபோனது. கீமோ தொடங்கியது. பிறகு அந்த மருந்தும் ஏறியது. ஐந்தாறு மாதம் கழித்து அவளுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. இதயம் சோர்ந்திருக்கிறது என்று மருந்தை நிறுத்திவைத்தார்கள். அந்த வாரங்கள்தான் என் வாழ்க்கையிலேயே மோசமானவை. முதலில் 'இல்லை' என்று சொல்லிக் கெடுத்தேன், இப்போது 'உண்டு' என்று சொல்லிக் கெடுத்துவிட்டேனோ என்று கிடந்து மறுகினேன். அந்த ஐந்தாவது ஸ்லைடை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தேன். பழுப்பு அங்கேயேதான் இருந்தது. புரதம் உண்டு என்று மட்டும்தான் அதனால் சொல்ல முடியும். அந்த மனுஷி மருந்தைத் தாங்குவாளா என்று அதற்குத் தெரியாது. ஒரு மாதத்துக்குமேல் கழித்து இதயம் தேறியது. மருந்தைத் திரும்பத் தொடங்கி முடித்தார்கள். மகள் படிப்பை முடித்தாள்.

முதலாளி அண்ணாச்சி என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. டாக்டர் அதன்பிறகு ஒருநாளும் என் வாய்ச்சொல்லை வாங்கவில்லை. கண்ட்ரோலைத் தன் கண்ணால் பார்த்து, தேதியும் நேரமும் எழுதிவைப்பார். "ஒங்கமேல நம்பிக்கை இல்லாம இல்லைக்கா. எனக்கே என்மேல இல்லை" என்றார் ஒருமுறை. நீங்கள் இன்று நிரப்பும் அந்த நோட்டு அப்படி வந்ததுதான். கையெழுத்துக்கு இடம் இரண்டு இருப்பதும் அதனால்தான். ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்த்ததாக எழுதாதீர்கள். அவசரத்தில் ஒரு நாள் உங்களிடமும் யாரோ தலை நிமிராமல் கேட்பார்கள். அப்போது 'இன்னும் பாக்கலை' என்று சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும். அவமானமாகக்கூட இருக்கும். சொல்லுங்கள்.

உடன்குடியில் அன்று கிளம்பும்போது செல்லக்கனி என் போன் நம்பரைக் கேட்டு வாங்கினாள். திட்டுவதற்கு என்று நினைத்தேன்.

"திட்டல்லாம் மாட்டேன் மைனி" என்றாள். அண்ணி என்று உறவுமுறை வைத்துத்தான் கூப்பிட்டாள். சிரிக்கவில்லை. "எனக்கு இனிமே டெஸ்டு எடுக்கும்போதெல்லாம் ஒங்களுக்குச் சொல்லுவேன். முடிவு வருத வரைக்கும் நான் எப்படி இருப்பனோ, அப்படி நீங்களும் இருக்கணும்."

சொன்னபடி செய்கிறாள். நான் ஓய்வுபெற்றும் விடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போன் வரும். "மைனி, நாளைக்குப் போறேன்" என்பாள். அவ்வளவுதான். அப்புறம் முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. வந்ததும் "ஒண்ணுமில்லையாம்" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிடுவாள். இதுவரை ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தைதான் வந்திருக்கிறது.

நேற்று முன்தினம் கூப்பிட்டாள். முதுகில் ஒரு வலி இருக்கிறதாம். பாரம் தூக்கியதால் இருக்கும் என்றாள். நேற்று ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். முடிவு இன்று பன்னிரண்டு மணிக்குமேல் கிடைக்கும் என்று சொன்னார்களாம். இதை எழுதி முடிக்கும்போது மணி பன்னிரண்டரை. போன் பக்கத்தில்தான் இருக்கிறது. இன்னும் அடிக்கவில்லை.